வீட்டில் எப்போதும் இரண்டு ஜீவனி

2024 நவம்பர் வெள்ளம் வடிந்து ஒரு கிழமை இருக்கும். பதினாலு மாதப் பேரனுக்குப் பின்நேரம் நாலு மணிக்குத் தொடங்கிய வயிற்றோட்டம், விளக்கு வைக்கிற நேரத்துக்குள் ஆறு தடவை ஆகிவிட்டது. இரண்டு தடவை சத்தியும் எடுத்தான். அன்றிரவு முழுக்க என் கையில் இருந்தது ஒரு தேக்கரண்டியும் ஓர் எவர்சில்வர் பேணியும்தான். அந்தப் பேணிக்குள் இருந்த தண்ணீரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் அதற்கு ஜீவனி என்று பெயர். எந்தக் கம்பனி செய்த பக்கற்றாக இருந்தாலும் பாமசியில் போய் "ஜீவனி ஒண்டு தாங்க" என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். உள்ளே இருப்பது வெள்ளைத் தூள். வயிற்றோட்டத்தில் உடம்பு இழக்கிற தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுக்க, தண்ணீரில் கரைத்துக் குடிப்பது. ஓ.ஆர்.எஸ். என்பதும் இதைத்தான். ஒரு தேத்தண்ணியும் பணிஸும் வாங்குகிற காசுக்கு மேல் போகாது. இவ்வளவு மலிவான ஒரு பொருளுக்கு இவ்வளவு நீளமாக மதிப்பீடு எழுத வேண்டுமா என்று நினைப்பவர்கள் பொறுமையாகக் கடைசிவரை வாசியுங்கள். மலிவாக இருப்பதாலேயே நம் சனம் இதை மதிப்பதில்லை. அந்த மதியாமையால் பிள்ளைகள் சாகிறார்கள்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பிறந்து, அங்கேயே முப்பத்தொரு வருடம் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள். மருத்துவம் படித்தவள் இல்லை. தங்கச்சியின் மகள் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டம் படித்தவள். ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் கொண்டுவந்து எனக்கு விளங்கப்படுத்துகிறவள் அவள்தான். கீழே வரும் கணக்குகள் எல்லாம் அவளோடு இருந்து வாசித்தவை.

முதலில் வாங்கிய கதையைச் சொல்கிறேன். பேரனுக்கு மூன்றாம் தடவை போனதுமே மகள் ஓட்டோ பிடித்து ரவுணுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் பையில் ஒரு அன்டிபயோட்டிக் பாணி இருந்தது, ஓட்டத்தை நிறுத்துகிற குளிசை இருந்தது, சத்திக்கு ஒரு மருந்து இருந்தது. ஜீவனி இல்லை. "குடுக்கேல்லம்மா, நானும் கேக்கேல்ல" என்றாள். ஆயிரத்துச் சொச்ச ரூபாய் போயிருந்தது. நல்லவேளை, என் அலுமாரியில் ஒரு பக்கற் இருந்தது.

அந்தப் பாமசிக்கு அடுத்த கிழமை நானே போனேன். சண்டைக்குப் போகவில்லை, கேட்கத்தான் போனேன். அந்தத் தம்பி ஒளிக்காமல் சொன்னார்: "அம்மா, ஜீவனியை மட்டும் குடுத்தா, வெறும் உப்புத்தண்ணியத் தந்து அனுப்பிட்டான் எண்டு சனம் ஏசும். பாணி குடுத்தாத்தான் மருந்து தந்த மாதிரி." எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் சொன்னது எங்கள் எல்லாரையும் பற்றி. வைத்தியசாலைக்குப் போனாலும் நாம் இதைத்தானே செய்கிறோம்? சேலைன் ஏற்றினால்தான் வைத்தியம் பார்த்ததாக நினைப்பு. வாயால் குடிக்கிற சேலைன் நமக்கு வைத்தியம் இல்லை.

இதை வந்து சொன்னபோது தங்கச்சி மகள் கைபேசியில் ஒரு கட்டுரையை எடுத்துக் காட்டினாள். "பெரியம்மா, நீங்க இப்ப சொன்னதத்தான் இந்தியாவில ஆராய்ஞ்சிருக்காங்க" என்றாள். கர்நாடகம், பீகார் ஆகிய இரண்டு மாநிலங்களில், 253 ஊர்களில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தனியார் வைத்தியர்களிடமும் மருந்துக் கடைகளிலும் ஆட்களை அனுப்பியிருக்கிறார்கள். வந்தவர்கள் நடிப்பவர்கள். "வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளைக்கு வயிற்றோட்டம்" என்று சொல்வதுதான் அவர்களுடைய வேலை. சிலர் ஓ.ஆர்.எஸ். வேண்டும் என்று தாங்களாகவே கேட்டார்கள், சிலர் அன்டிபயோட்டிக் கேட்டார்கள், சிலர் எதுவும் கேட்கவில்லை. எதற்காக இந்தத் தூளைக் கொடுக்காமல் விடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. கடையில் இருப்பு இல்லாததால் கொடுக்காமல் விட்டது நூற்றுக்கு 6 வீதம். வேறு மருந்து விற்றால் கூடுதல் இலாபம் என்பதால் விட்டதும் அதே அளவு சிறிதுதான். "வந்தவர் இதை விரும்பமாட்டார்" என்று கொடுப்பவரே நினைத்துக்கொண்டதால் விட்டது 42 வீதம். 2024-இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வந்த ஆய்வு இது. வாய் திறந்து கேட்டவர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். என் மகள் கேட்கவில்லை.

ஆகவே வாங்குவது பற்றி என் முதல் சொல் இதுதான்: கேளுங்கள். வெட்கப்படாமல், பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இனிப் பொருளைப் பார்ப்போம். பக்கற்றின் முதுகில் எழுதியிருப்பதைக் கண்ணாடி போட்டு வாசித்தேன். ஒரு லீற்றர் தண்ணீருக்கு சோடியம் குளோரைட்டு, அதாவது நம் கறியுப்பு, 2.6 கிராம். குளுக்கோஸ் 13.5 கிராம். பொட்டாசியம் குளோரைட்டு 1.5 கிராம். சோடியம் சித்திரேற்று 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு இதுதான். முன்பு உப்பு 3.5 கிராமும் குளுக்கோஸ் 20 கிராமும் போட்டார்கள். 2002-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் அதைக் குறைத்தன. செறிவு குறைந்த கரைசல் கொடுத்த பிள்ளைகளுக்குச் சத்தி குறைகிறது, சேலைன் ஏற்ற வேண்டிய தேவையும் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று கண்டபிறகுதான் அந்த மாற்றம். அதனால் பக்கற் வாங்கும்போது இந்த நாலு இலக்கங்களையும் பார்த்து வாங்குங்கள். விளையாட்டு வீரர்களுக்கென்று விற்கிற கலர்த் தூள்களும் இப்போது கடைகளில் ஜீவனிக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அவை வேறு, இது வேறு.

உப்போடு சீனி எதற்கு என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். வயிற்றோட்டத்தில் குடல் தண்ணீரை உறிஞ்சாமல் வெளியே விடுகிறது. வெறும் தண்ணீர் கொடுத்தால் அதுவும் கூடவே போய்விடும். ஆனால் குடலில் ஒரு வாசல் மட்டும் நோய் நேரத்திலும் பூட்டப்படுவதில்லை. குளுக்கோஸ் போகிற வாசல் அது. குளுக்கோஸ் தனியாக உள்ளே போகாது, சோடியத்தையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் போகும். அந்த இரண்டுக்கும் பின்னால் தண்ணீர் போகும். 1960-இல் றொபேட் கிரேன் என்ற விஞ்ஞானி சொன்னது இது. கொலறா வந்த குடலில்கூட அந்த வாசல் வேலை செய்கிறது என்பதைப் பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். உப்பும் சீனியும் சரியான அளவில் இருந்தால்தான் இந்தக் கணக்கு ஓடும். சோடாவில் சீனி மிகக் கூட. அதைக் கொடுத்தால் குடல் இன்னும் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும்.

கரைப்பதில்தான் பிழை நடக்கிறது. இந்தப் பொருளில் நான் காண்கிற பெரிய சிக்கலும் இதுவே. "ஒரு லீற்றர்" என்று பக்கற் சொல்கிறது. எத்தனை வீட்டுக் குசினியில் ஒரு லீற்றர் அளக்கப் பாத்திரம் இருக்கிறது? கடையில் விற்கிற பெரிய தண்ணீர்ப் போத்தல் ஒன்றரை லீற்றர். சின்னது அரை லீற்றர். எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்கு முழுப் பக்கற்றையும் ஒரே கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுத்ததைப் போன வருடம் என் கண்ணால் பார்த்து, ஓடிப்போய் வாங்கி ஊற்றினேன். அப்படிக் கொடுத்தால் உப்பு மிஞ்சி உயிருக்கே ஆபத்து. இன்னொரு வீட்டில் தூளை நாலாகப் பிரித்து, மடித்து வைத்துக் கொடுத்தார்கள். அதுவும் பிழை. நாலு தூளும் ஒவ்வொரு பங்கிலும் ஒரே அளவாக விழாது.

நான் செய்வது இதுதான். அரை லீற்றர்ப் போத்தல் ஒன்றைக் கழுவி வைத்திருக்கிறேன். கேத்தலில் கொதித்து ஆறிய தண்ணீரை அதில் முட்ட நிரப்பி ஒரு மூடியுள்ள பாத்திரத்தில் ஊற்றுவேன், மறுபடி நிரப்பி ஊற்றுவேன். பிறகு பக்கற்றை வெட்டி முழுவதையும் கொட்டிக் கலக்குவேன். வெள்ளம் வந்த கிணற்றுத் தண்ணீர் என்றால் குளோரின் போட்டிருந்தாலும் கொதிக்கவைக்காமல் விடமாட்டேன். கரைத்ததும் நானே ஒரு வாய் குடித்துப் பார்ப்பேன். கண்ணீர் நாக்கில் பட்டால் எப்படி இருக்கும்? அவ்வளவுதான் உப்பு இருக்க வேண்டும். அதைவிடக் கரித்தால் பிழை. கரைத்ததை இருபத்திநாலு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது. மிஞ்சினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். பால், சீனி, பழச்சாறு எதுவும் அதற்குள் சேர்க்கக்கூடாது.

ருசி? பிள்ளைகள் விரும்பிக் குடிக்கிற ருசி இல்லை. உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் உடம்பில் தண்ணீர் வற்றிய பிள்ளை இதை ஆவலாகக் குடிக்கும். ருசி பிடிக்காமல் தட்டிவிடத் தொடங்கினால், பெரும்பாலும் அது கொஞ்சம் தேறிவிட்டதற்கு அடையாளம்.

அன்றிரவு பேரனுக்கு எட்டரை மணிக்கு முதல் கரண்டி கொடுத்தேன். போத்தலில் ஊற்றிக் கொடுத்தால் மடக்கு மடக்கென்று குடித்துவிட்டுச் சத்தி எடுத்துவிடும். கரண்டிதான் சரி. ஒரு கரண்டி, பிறகு ஒரு நிமிடம் பொறுத்து இன்னொன்று. ஒன்பது மணிக்கு ஒரு தடவை சத்தி எடுத்தான். மகள் அழத் தொடங்கிவிட்டாள், "வேணாம்மா, நிப்பாட்டுங்க" என்றாள். பத்து நிமிடம் பொறுத்து மறுபடி தொடங்கினேன், இன்னும் மெதுவாக, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டி. இடையில் மகள் பால் கொடுத்தாள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கண் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டுப் பார்த்தேன், உடனே படியாமல் மெதுவாகத்தான் படிந்தது. அழுதான், ஆனால் கண்ணீர் வரவில்லை. சோர்ந்து தலை தொங்கினாலோ, குடிக்கவே மாட்டாமல் போனாலோ, இரத்தம் கலந்து போனாலோ வெள்ளம், இருட்டு எதையும் பார்க்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்காக ஓட்டோக்காரத் தம்பிக்குச் சொல்லி வைத்திருந்தேன். இந்தத் தூள் வைத்தியசாலைக்குப் பதிலாகாது, மறந்துவிடாதீர்கள்.

பதினொன்றரைக்கு அரைப் பாத்திரம் முடிந்திருந்தது. ஒரு மணிக்கு மகளைப் படுக்கச் சொன்னேன். குப்பி விளக்கு வெளிச்சத்தில் நானும் பேரனும் மட்டும். கரண்டி உதட்டில் பட்டதும் கண் திறக்காமலே வாயைத் திறப்பான். எத்தனை கரண்டி என்று எண்ணவில்லை. மூன்று மணியைத் தாண்டி என் மடி நனைந்தது. வயிற்றால் போனது என்று நினைத்துத் துணியை விலக்கினேன். மூத்திரம். பின்நேரத்துக்குப் பிறகு அப்போதுதான் பெய்திருக்கிறான். அந்த ஈரச் சேலையோடு நான் இருந்த இருப்பை எப்படிச் சொல்வேன்! விடியப் பார்த்தால் துணியைப் பிடுங்கியதற்கு அழுகிறான், கன்னத்தில் கண்ணீர் வழிகிறது.

இந்தக் கண்ணீருக்காக ஒரு வீடு எவ்வளவு காத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். 1978 நவம்பர் 23 சூறாவளி வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. தம்பிக்கு ஒன்றரை. வீட்டுக் கூரை போய், பள்ளிக்கூடத்து மண்டபத்தில் சனத்தோடு சனமாக இருந்தோம். கிணறெல்லாம் குப்பையும் செத்த ஆடுமாடும். இரண்டு கிழமைக்குள் தம்பிக்கு வயிற்றால் அடிக்கத் தொடங்கியது. "தண்ணி குடுக்காதங்க, குடுக்கக் குடுக்கப் போகும்" என்று பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அம்மா நனைத்த துணியால் அவன் உதட்டை மட்டும் துடைத்தா. மாதுளம் ஓட்டை அவித்துக் கொஞ்சம் கொடுத்தா. முறிந்து விழுந்த தென்னைகளின் குரும்பட்டியும் இளநீரும் வளவெல்லாம் கிடந்தது. அதைக் கேட்டு அவன் கையை நீட்டினான். "குளிர், வேணாம்" என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டான். அம்மா சாகும்வரை இளநீர் குடிக்கவில்லை.

அம்மாவை யாரும் குறை சொல்ல முடியாது. ஊரே நம்பியதை அவவும் நம்பினா. என் மனம் ஆறாமல் இருப்பது வேறு ஒன்றினால். அந்த வருடமே, 1978 ஆகஸ்டில், லண்டனிலிருந்து வருகிற 'லான்செட்' மருத்துவச் சஞ்சிகை இந்த உப்பு, சீனி கரைசல் பற்றித் தலையங்கம் எழுதியிருக்கிறது. இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்ற பொருளில். சூறாவளிக்கு மூன்றரை மாதம் முந்தி! தங்கச்சி மகள் அந்தத் திகதியை வாசித்தபோது நான் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பத்து வருடம் முந்தியே டாக்காவில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். டேவிட் நலின், றிச்சட் காஷ் என்ற இரண்டு இளம் வைத்தியர்கள் 1968-இல் கொலறா நோயாளர்களுக்கு வாயால் கொடுத்து, சேலைன் தேவை பெருமளவு குறைவதைக் காட்டினார்கள். ஆனால் அது வைத்தியசாலைக்குள் நடந்தது. முகாமில், சேற்றில், தாய்மார் கையால் முடியுமா என்பதை 1971-இல் திலீப் மகலானபிஸ் என்ற இந்திய வைத்தியர் காட்டினார். பங்களாதேஷ் போரில் அகதிகள் வந்து குவிந்த, இந்திய எல்லைப்புறத்துப் பொங்காவ் ஊரில் கொலறா. சேலைன் தீர்ந்துகொண்டிருந்தது. தரையெல்லாம் நோயாளர். அவர் உப்பும் குளுக்கோஸும் அப்பச் சோடாவும் பைகளில் கட்டி, பெரிய டிரம்களில் கரைத்து, குழாய் வைத்து, உறவினர்களையே பேணியால் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். அதுவரை நூற்றுக்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. படிப்பறிவில்லாத சனத்தின் கையில் இதைக் கொடுக்கலாமா என்று பெரிய வைத்தியர்கள் தயங்கிய காலம் அது. அவர் கொடுத்தார். 2022-இல் காலமானார். இவர் பெயரை நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் போட வேண்டும் என்பது என் ஆசை.

எனக்கு இன்னும் பிடித்தது பங்களாதேஷில் 'பிராக்' அமைப்பு செய்த வேலை. 1980-இல் தொடங்கிப் பத்து வருடம் வீடு வீடாகப் போனார்கள். பக்கற் கையில் இல்லை. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி கரும்புச் சர்க்கரை, அரைச் சேர், அதாவது ஏறக்குறைய அரை லீற்றர், தண்ணீர். இதைத் தாயையே கரைக்க வைத்துப் பழக்கினார்கள். ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள். படிப்பித்த பெண்களுக்குச் சம்பளம் எப்படித் தெரியுமா? சில கிழமை கழித்து வேறொருவர் போய் அந்தத் தாய்மாரில் சிலரிடம் கேட்பார். தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாளோ அதைப் பார்த்துத்தான் காசு. படிப்பிக்கிற வேலையில் வாழ்க்கையைக் கழித்த எனக்கு இதைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. நான் சொன்னேனா என்பதில்லை, பிள்ளைக்கு விளங்கிச்சா என்பதுதான் கணக்கு.

1980-ஆம் ஆண்டளவில் வறிய நாடுகளில் வருடத்துக்கு 46 இலட்சம் சிறுபிள்ளைகள் வயிற்றோட்டத்தால் இறந்தார்கள் என்று அப்போது மதிப்பிட்டார்கள். இப்போது உலக சுகாதார நிறுவனம் சொல்வது, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வருடத்துக்கு ஏறக்குறைய 4 இலட்சத்து 40 ஆயிரம். நல்ல தண்ணீர், மலசலகூடம், தடுப்பூசி, தாய்ப்பால் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. இந்தத் தூளின் பங்கு பெரியது. நம் நாட்டிலும் 1940-களின் நடுவில் பிறக்கிற ஆயிரம் பிள்ளைகளில் 140 அளவில் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். இன்று அது ஒற்றை இலக்கம். கிளினிக்கும், வீட்டுக்கு வருகிற மிட்வைப் மிஸ்ஸும், இலவச வைத்தியமும் செய்த வேலை. ஆனாலும் ஆறும் வாவியும் பெருகி வழி அடைபடுகிற நாட்களில், படுவான்கரையில் ஒரு வீட்டுக்கு அந்த இரவைக் கடத்த அலுமாரிக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

சரி, பொருளின் குறைகளுக்கு வருகிறேன்.

இது வயிற்றோட்டத்தை நிறுத்தாது. இதைத் தெரியாமல்தான் சனம் "குடுத்தும் நிக்கேல்ல" என்று விட்டுவிடுகிறது. போகிறது போய்க்கொண்டுதான் இருக்கும், இரண்டு மூன்று நாளும் ஆகலாம். போகிற தண்ணீரைத் திருப்பி உள்ளே வைப்பதுதான் இதன் வேலை. ஓட்டத்தின் நாளைக் குறைக்கச் சிங்க் மருந்து இருக்கிறது. அதையும் சேர்த்துக் கொடுக்கும்படி 2004-இலிருந்து உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிள்ளையின் வயதுக்கு எவ்வளவு என்பதை வைத்தியரிடமோ மிஸ்ஸிடமோ கேட்டுக் கொடுங்கள். மகள் வாங்கி வந்த குளிசையை நான் குப்பையில் போட்டேன். ஓட்டத்தை நிறுத்துகிற குளிசை சிறுபிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாதது. அன்டிபயோட்டிக்கும் எல்லா வயிற்றோட்டத்துக்கும் இல்லை, இரத்தம் போனால் வைத்தியர் பார்த்துக் கொடுப்பார்.

அடுத்தது எழுத்து. நான் கடைசியாக வாங்கிய பக்கற்றில் தமிழில் எழுதியிருந்தது எள்ளளவு. கரைக்கிற முறை மடிப்புக்குள் போய்விட்டது. இராத்திரி, மின்சாரம் இல்லாத நேரம், பயந்துபோன ஒரு தாய் இதை எப்படி வாசிப்பாள்? இரண்டு அரை லீற்றர்ப் போத்தலைப் படமாகப் போட்டு, ஒரு பக்கற்றிலிருந்து அம்புக்குறி கீறினால் எழுத்தே தேவையில்லை. செய்கிற கம்பனி எதுவாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள், கைகூப்பிக் கேட்கிறேன்.

பிறகு ஈரப்பதன். மாரி காலத்தில் எங்கள் பக்கம் பக்கற்றுக்குள் தூள் கட்டிபட்டுவிடுகிறது. நான் பழைய மாப் பேணிக்குள் போட்டு இறுக்கி மூடி வைக்கிறேன். தூளின் நிறம் மாறியிருந்தால் பாவிக்க வேண்டாம். காலாவதித் திகதியும் பாருங்கள்.

பக்கற் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். தட்டையாக வழித்த ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர். பக்கற்றில் உள்ள பொட்டாசியம் இதில் இல்லை, ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதைவிட எவ்வளவோ மேல். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியும் கொடுக்கலாம். உப்பின் அளவை மட்டும் கூட்டிவிடாதீர்கள்.

எவ்வளவு கொடுப்பது? இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் ஒவ்வொரு தடவை போன பிறகும் 50-இலிருந்து 100 மில்லிலீற்றர், கரண்டி கரண்டியாக. இரண்டு வயதுக்கு மேல் 100-இலிருந்து 200. முதல் தடவை தண்ணியாகப் போனவுடனேயே தொடங்குங்கள். கண் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். பேரன் அடுத்த நாள் மத்தியானம் குழைசோறும் வாழைப்பழமும் சாப்பிட்டான்.

இப்போது எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீட்டில் சிறுபிள்ளைகள் இருக்கிறார்கள். மாரி தொடங்க முந்தி ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பக்கற்றும் ஓர் அரை லீற்றர்ப் போத்தலும் கொடுத்தேன். போத்தலில் மார்க்கர் பேனையால் "2 தரம்" என்று எழுதியிருக்கிறேன். ஒரு கிழமை கழித்துப் போய், "எங்க புள்ள, கரைச்சுக் காட்டுங்க பாப்பம்" என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டேன். எட்டுப் பேர் சரியாகக் கரைத்தார்கள். மற்ற மூன்று பேருக்கும் மறுபடி சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை திரும்பப் போய்க் கேட்க வேண்டும்.